கண் எடுக்கப் போன வழிகள்

எங்கள் வேலையில் மேப் என்றால், இறந்தவர் வீட்டுக்காரர் அழுதுகொண்டே போனில் சொல்லும் வழிதான். தானம் கொடுத்த கண்ணை உயிர் போய் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். சாவோ ராத்திரியில்தான் வந்து தொலைக்கும், அதுவும் வந்தவாசிக்கு அந்தப் பக்கம் பஸ்ஸே போகாத ஊரில். தாம்பரத்தில் எங்கள் கண் ஆஸ்பத்திரிக்கு இருந்த ஒரே வேன் ராத்திரியில் கிடைக்காது. நான் பைக் ஓட்ட, கூட வேலை பார்க்கும் செல்வம் பின்னால் ஐஸ் பெட்டியை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்காருவான். செல்போனில் வழி பார்க்கத் தெரியாத காலம். நைட் டூட்டி பார்த்தே முதுகு போனவர்களே, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

கிட்டத்து வழி

வழி கேட்டால் எல்லாருமே கிட்டத்து வழியைத்தான் சொல்வார்கள். எனக்கு வேண்டியது விழாத வழி. ராத்திரியில் பங்க் திறந்திருக்குமா, ஏரி நிரம்பி ரோட்டில் தண்ணீர் போகிறதா, நாய் துரத்துமா என்று வரிசையாகக் கேட்பேன். அப்பாவைக் கிடத்திவிட்டு நிற்கிறவரிடம் நாயைப் பற்றிக் கேட்டால் கோபம் வராதா பின்னே?

மதுராந்தகம் பக்கம் ஒருவர் ஏரிக்கரை மேலேயே வந்துவிடச் சொன்னார். நல்ல மழை. மாட்டவே மாட்டேன் என்று நான் ஊரைச் சுற்றிக்கொண்டு ஓட்டினேன். போய்ச் சேர்ந்தபோது நேரம் தாண்டிவிட்டது, இனி எடுத்துப் பயனில்லை. அதைச் செல்வம்தான் சொன்னான். அந்த மனிதர் எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்பாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்து, அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னார்: "நீ குட்த்த வாக்க என்னால காப்பாத்த முடியல நைனா."

பெஞ்ச்

எந்த ஊருக்கு ரூட் போட்டாலும் நடுவில் ஒரு டீக்கடை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டுகிறவன் தூங்கிவிடுவான். செங்கல்பட்டு தாண்டி விடிய விடிய திறந்திருக்கும் கடை ஒன்று எங்களுக்கு வாடிக்கை. ஒருநாள் கடைக்காரர், "பொட்டில இன்னா, மீனா?" என்று கேட்டார். செல்வத்துக்கு வாய் சும்மா இருக்குமா? உள்ளதைச் சொல்லிவிட்டான். மனிதர் அப்படியே ரெண்டடி பின்னால் போனார். சரி, இந்தக் கடையும் போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தடவை தயங்கித் தயங்கித்தான் வண்டியை நிறுத்தினோம். செல்வம் பெட்டியைக் காலடியில் வைத்தான். அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு வந்து, தோள் துண்டால் பெஞ்சைத் துடைத்தார். "கீய வெக்காத தம்பி, மேல வெய்யி. யாரோ வூட்டு மன்சன்."

டிவிஎஸ் பிஃப்டி

இந்த ஒன்றை மட்டும் வீட்டில்கூட நான் சரியாகச் சொன்னதில்லை. போன் பண்ணியவர் ஒரு பெரியவர். மனைவி அப்போதுதான் இறந்திருந்தார். நான் கேட்பதற்கு முன்னாலேயே அவர் சொன்னார்: "ஏரிக்கரைல வராதீங்க சார், சுத்து ரோட்லயே வாங்க. ரோட்ல கதிரு காயப்போட்டு கீறாங்க, மேல ஏத்தாதீங்க, வழுக்கும். மெதுவா வாங்க." அத்தனை வருஷத்தில் எங்களை மெதுவாக வரச் சொன்ன ஒரே வீடு அதுதான்.

கூட்டு ரோட்டில் டார்ச் வைத்துக்கொண்டு அவரே நின்றார். வீட்டுக்குப் போய், நேரத்துக்குள் வேலையை முடித்தோம். வாசலுக்கு வந்ததும் அவரே சொன்னார். ஒரே பையன், சிறுசேரியில் வேலை. பொங்கலுக்கு ராத்திரியில் பைக்கில் வந்தவன், இப்படிக் காயப்போட்ட கதிர் மேல் வழுக்கி விழுந்துவிட்டான். இவர்கள் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் விடிய விடிய போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தகவல் வந்தபோது கண்ணைக்கூடக் கொடுக்க முடியாத நேரமாகிவிட்டது. அவன் கண்தான் வீணாகிப் போச்சு, என்னுதாவது போய்ச் சேரட்டும் என்று அந்த அம்மா அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

நாங்கள் கிளம்பினால், அவர் டிவிஎஸ் பிஃப்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போகிறார். "ஐயா, அம்மா பக்கத்துல போய் இருங்க" என்று செல்வம் கெஞ்சினான். "அவ ஆச உங்க பொட்டில கீது. நான் அங்க குந்திகினு இன்னா பண்ணப்போறேன்?" என்றார். மெயின் ரோடு வரைக்கும் அந்தச் சின்ன சிவப்பு லைட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். பிரியும்போது, "தாம்பரம் போனதும் ஒரு மிஸ்டு கால் மட்டும் குடுங்க சார்" என்றார்.

ஆஸ்பத்திரியில் பெட்டியை ஒப்படைத்துவிட்டு நம்பரை அழுத்தினேன். ஒரு ரிங்கில் கட் பண்ணலாம் என்றிருந்தேன், அதற்குள் எடுத்துவிட்டார். பின்னால் ஒப்பாரி கேட்டது. ராத்திரி முழுக்க என்னை சார், சார் என்று கூப்பிட்டவர், யார் என்றுகூடக் கேட்காமல் சொன்னார்: "சேந்துட்டியாப்பா?"

இருட்டில் எத்தனையோ ஊருக்கு வண்டி ஓட்டியிருக்கிறேன். 'சேந்துட்டேன்ப்பா' என்கிற ஒரு வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள்தான் எனக்குப் பொழுதே விடிந்துபோனது.