கிளம்பிய நேரம், திரும்பிய நேரம்

என் மகளுக்குச் சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்த நாளிலிருந்து, அவள் வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துவந்தேன். நாங்கள் இருப்பது திருவொற்றியூரில். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, கிண்டியில் இறங்கி, அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். நிறுவனத்தின் வேன் நகரத்தின் மற்ற பக்கமெல்லாம் போகிறது. ராயபுரத்தைத் தாண்டி மட்டும் வருவதில்லை. ஆறு மாத நேரங்களைக் காட்டி, வேன் கேட்டு மனு கொடுக்கலாம் என்பது என் திட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை அவளிடம் நீட்டினேன். பொறுமையாகப் புரட்டினாள்.

“இன்னா நைனா, கண்டெய்னர் லாரி மறிச்ச நாளுகூட எழுதிகீற?”

“எல்லாம் ஆதாரம்மா.”

“உங்கப்பாவுக்கு வேற வேல இன்னா கீது?” என்றாள் சமையலறையிலிருந்து என் மனைவி.

மகள் சிரிக்கவில்லை. “தூங்குன நேரம் போவ, நான் வூட்ல இருந்தது ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரங்கூட இல்ல நைனா. மனுவெல்லாம் வேணாம். ஆபீஸாண்ட ஹாஸ்டல் பாத்துக்குறேன்.”

அவள் காட்டியது நான் எழுதிய நேரங்களைத்தான்.

அடுத்த மாதத்துக்கும் கோடு போட்டு வைத்திருந்தேன். அவள் பெட்டியோடு கிளம்பிய திங்கட்கிழமை, காலை ஐந்து ஐம்பது என்று குறித்தேன். திரும்பும் நேரத்துக்கான கட்டத்தில், ‘சனிக்கிழமை சாயங்காலம்’ என்று அவளே எழுதிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. சனிக்கிழமையும் வேலையாம்.