நாலு பேர் பேச்சு

அலுவலகத்தில் அவளுக்கு ‘ஹெட்போன்’ என்று பட்டப்பெயர். காதை விட்டு அது இறங்கினால்தானே.

வான் பாதுகாப்பு நிலையத்தில் ரேடார் திரை முன்னால் உட்காரும் நான்கு பேர், எதிரி விமானம் தெரிந்தால் எப்படி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைக் கணினிக்குள் அப்படியே நடத்திக் காட்டுவது அவள் வேலை. பயிற்சியில் பதிவான அவர்களுடைய பேச்சு வாராவாரம் வரும். அதைக் கேட்டுக் கேட்டு, நான்கு பொய் ஆட்களுக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தாள்.

தனி அறை. ஜன்னல் கிடையாது. காலையில் வாசல் காவலாளிக்கு ஒரு வணக்கம் வைத்தால், மறுபடி வாய் திறக்கச் சாயங்காலம் ஆகிவிடும். வீட்டிலும் பூட்டைத் திறப்பவள் அவள்தான். ஆனால் அந்த நால்வர் பேச்சு ஓயாது. திரையில் புள்ளி எதுவும் வராத நேரத்தில் ஊர் வம்பெல்லாம் ஓடும். இருமல்காரருக்கு வீட்டுக்காரியிடம் பயம். தலைவருக்குப் பசித்தால் மூக்குமேல் கோபம். கடைக்குட்டி எதற்கெடுத்தாலும் சிரிப்பான். நான்காமவரின் மகளுக்குக் காதில் ஆபரேஷன். அந்த வாரம் முழுக்க அவர் ஒவ்வொரு புள்ளியையும் தாமதமாகவே சொன்னார். அந்தத் தாமதத்தைக் கணக்கில் சேர்க்கும்போது அவளுக்குக் கை ஓடவில்லை.

ஒருநாள் நால்வரும் அவள் செய்ததைப் பார்க்க நேரில் வந்தார்கள். வாய் திறக்கும்வரை யார் யாரென்று தெரியவில்லை. பேசியதும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“பாப்பாவுக்குக் காது இப்ப நல்லா கேக்குதா சார்?” என்று நான்காமவரிடம் கேட்டுவிட்டாள்.

அவர் தலைவரைப் பார்த்தார். “உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

“பதிவுல... நீங்க சொல்லிட்டிருந்தீங்க.”

“அதையெல்லாமா கேப்பீங்க?”

கடைக்குட்டிகூடச் சிரிக்கவில்லை. “நல்லாருக்கா” என்றார் நான்காமவர், மரியாதைக்கு. மதியம் நால்வரும் கேன்டீனில் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அவள் தட்டோடு தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த வாரப் பதிவில் திசை, தூரம், உயரம்; அவ்வளவுதான். இருமல்காரர்கூட மைக்கைப் பொத்திக்கொண்டு இருமினார் போலிருக்கிறது.

“வெட்டிப் பேச்சே இல்ல, சுத்தமா வந்திருக்கு. உனக்குப் பாதி வேலை மிச்சம்மா” என்றார் மேலதிகாரி.

“ஆமா சார்.”

வேலை நிஜமாகவே சீக்கிரம் முடிந்தது. வெயில் தாழ்வதற்குள் வெளியே வந்தவளுக்கு எங்கே போவதென்று பிடிபடவில்லை. பஸ் ஏறிப் போய், மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காத அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“என்னடி இந்நேரத்துல? உடம்புக்கு ஏதாவதா?”

“ஒண்ணுமில்லக்கா. நீ பாட்டுக்குப் பேசு. நான் சும்மா உக்காந்து கேக்கறேன்.”

அக்காவுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டுமா? சமையலறைக் குழாய் ஒழுகுவதிலிருந்து தொடங்கினாள்.