ஒரே ஒரு குமிழி

எங்க வீட்டுக்காரர் வாட்ச் ரிப்பேர் பண்றவர். கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டு உட்கார்ந்தார்னா பக்கத்துல இடி விழுந்தாலும் தெரியாது. தெருவுல எல்லாரும் அவரைப் பூதக்கண்ணாடின்னுதான் சொல்லுவாங்க. கோபம் வந்தா நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

பொண்ணுக்கு ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு லேப்ல வேலை கிடைச்சுது. விடியக்காலை ஷிப்ட். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. வீட்டுல இருக்கிறது அவரோட பழைய மோட்டார் சைக்கிள் ஒண்ணுதான், அது எனக்கு முன்னாடியே அவர் வாழ்க்கையில வந்து உட்கார்ந்தது. இவ லைசென்ஸ் எடுத்துட்டு வந்து, "சாவியைக் குடுப்பா"ன்னா.

"முன் பிரேக்ல ஏர் பிடிச்சிருக்கு. அதை எடுக்காம சாவி கிடையாது"ன்னுட்டார்.

மெக்கானிக்கிட்ட விடலாமேன்னேன். அந்தாளு கையைக் கழுவாம வண்டியைத் தொடுவாராம். போச்சுடா! மறுநாள் அவளுக்கு வேலையில முதல் நாள், இவர் ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாசல்ல கடையை விரிச்சுட்டார்.

அது ரெண்டு பேர் வேலை. நான் ஹேண்டில்ல இருக்கிற பிரேக்கை அழுத்திப் பிடிக்கணும். அவர் சக்கரத்துக்கிட்ட குந்திக்கிட்டு ஒரு சின்னத் திருகைத் திறப்பார். பிரேக் ஆயிலும் காத்தும் ட்யூப் வழியா பாட்டில்ல குமிழி குமிழியா இறங்கும். அவர் திருகை மூடினப்புறம்தான் நான் கையை எடுக்கணும், இல்லேன்னா காத்து திரும்ப உள்ள போயிடும். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அந்த வண்டியைத் தொட விட்டாரேன்னு நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பிடிச்சேன்.

மேல ஆயில் டப்பா ஒண்ணு இருக்கு. குறையக் குறைய ஊத்தணும். இவர் வாட்ச்காரராச்சே, தூசி விழுந்துடுமாம்! மூடியைப் போட்டு, அதுக்கு மேல துணியைப் போர்த்தி, என்னை எட்டிக்கூடப் பார்க்க விடலை. உள்ள ஆயில் சுத்தமா தீர்ந்து, எடுத்த காத்தெல்லாம் திரும்பவும் உள்ள போயிடுச்சு. பிரேக்கை அழுத்தினா தொளதொளங்குது.

"ஒரு தூசி இல்லப்பா. ஆயிலும் இல்ல"ன்னு பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா. அவருக்குக் காதெல்லாம் சிவந்துடுச்சு.

துணியைப் பிடுங்கி என் இடுப்புல சொருகிக்கிட்டேன். மறுபடியும் முதல்லேர்ந்து. சாயங்காலம் பிரேக் கல்லு மாதிரி நின்னுச்சு.

"முடிஞ்சுதுங்க."

"இன்னும் ஒரே ஒரு குமிழி இருக்கும்மா. பிடி."

பிடிச்சேன். அப்புறமும் ஒரே ஒரு குமிழிதான். இன்னொரு தடவையும் அதே பேச்சு. குனிஞ்சு பார்த்தேன், ட்யூப்ல ஒரு மண்ணும் இல்லை. இவர் லென்ஸை வேற மாட்டிக்கிட்டிருக்கார்.

"எங்கேங்க குமிழி?"

"உன் கண்ணுக்குத் தெரியாது."

எனக்கு வந்துச்சே கோபம்! "பூதக்கண்ணாடி! என் கை மரத்துப்போச்சு. இல்லாத குமிழியை இன்னும் எவ்வளவு நேரம் தேடுவீங்க?"

அவர் லென்ஸைக் கழட்டினார். கண்ணு கலங்கியிருந்துச்சு. "இது சரியாயிடுச்சுன்னு சொன்னா, காலையில அவ கிளம்பிடுவாளே. லாரியா போற ரோடும்மா அது."

எனக்குக் கோபம் போன இடம் தெரியலை. அந்த பயம் எனக்கும் இருக்கே.

வாசப்படியில நின்னு பொண்ணு கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்கா. வந்து வண்டியில ஏறி உட்கார்ந்து, பிரேக்கை அழுத்திப் பிடிச்சா. "தள்ளிப் பாருப்பா."

அவர் தள்ளினார். தம் கட்டித் தள்ளினார். செருப்புதான் வழுக்குச்சு, வண்டி அசையலை. சட்டைப்பையிலேர்ந்து சாவியை எடுத்து, துணியால துடைச்சு, அவ கையில வெச்சார்.

மறுநாள் விடியறதுக்குள்ள அவ கிளம்பிட்டா. இவர் பனியனோட கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார், நான் பக்கத்துல, வண்டியைத் துடைச்ச துணி இன்னும் இடுப்புல. தெருவுல ஒரு நாய்கூட இல்லை. முனைக்குப் போனதும் வண்டி சட்டுனு நின்னுச்சு. பின்னாடி பிரேக்கோட சிவப்பு லைட் பளிச்சுன்னு எரிஞ்சுது. கொஞ்ச நேரம் எரிஞ்சுது. அப்புறம்தான் முனையில திரும்பி மறைஞ்சா.

"குறுக்கே யாரும் வரலையே, எதுக்கும்மா நிறுத்தினா?"ன்னு என்கிட்ட கேட்டார். கேட்டுட்டு, நான் பதில் சொல்றதுக்குள்ள, என் இடுப்புல சொருகியிருந்த அந்தத் துணியை உருவி மூக்கைத் துடைச்சுக்கிட்டார்.