இருபது இழைகளும் தம்பியின் சட்டையும்

1997 மே 14, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். கோவில்பட்டியில் நல்ல வெயில், காற்று அசையவில்லை. தம்பி வீட்டு மேசையில் ரீனியம் என்ற உலோகத்தின் இருபது இழைகளை வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் தலைமுடி அகலம்.

நான் சென்னைப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். அங்கே பாறையிலிருந்து பிரித்த யுரேனியத்தை இழையில் வைத்துச் சூடாக்குவோம். கிளம்பும் அணுக்களில் மின்னேற்றம் பெற்றவற்றை மட்டும் மெஷின் எண்ணும். பெரும்பாலானவை ஏற்றம் பெறாமலே போய்விடும். எண்ணப்படாமல் எதுவும் போவது எனக்குப் பிடிக்காது. இழையில் ஒரு துளி கரிக்குழம்பு வைத்தால் கூடுதலாக ஏற்றம் பெறும் என்பது என் கணிப்பு. ஓய்வுக்கு மூன்று மாதம் இருந்தது. அதற்குள் நிரூபித்தால் ஆய்வக முறைகளில் என் பெயரில் ஒன்று சேரும். மெஷின் ஒரே ஒரு நாள் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். விடுப்பு ஒன்பது நாள் வீணாகக் கிடந்ததால் துளி வைக்கும் வேலையை ஊருக்குக் கொண்டுவந்தேன்.

என் கை நடுங்கும். தம்பி கை நடுங்காது. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி மருந்து கலக்குபவன். வேலை முடிந்து அப்படியே வந்து உட்கார்ந்தான்.

"எத்தனண்ணே இருக்கு?"

"இருபது."

"எண்ணிட்டியளா?"

"மூன்று தடவை."

"இன்னொரு தடவ எண்ணிருங்க. நான் தும்முனா பத்தொம்பதாயிரும்."

கையை மூன்று முறை கழுவச் சொன்னேன். சட்டையை மறந்தேன். பதினேழு இழைகளில் மணியாகத் துளி வைத்தான். மீதி மூன்றை மறுநாள் காலை, அவன் வேலைக்குப் போனபின், நானே வைத்தேன். மூன்றிலும் துளி ஓரத்துக்குப் போயிற்று.

ஆய்வகம் திரும்பி, யுரேனியம் வைத்து மெஷினில் சூடாக்கியபோது அந்தப் பதினேழிலும் எளிதில் ஏற்றம் பெறும் பொட்டாசியம்தான் கொட்டியது. யுரேனியம் தலைகாட்டவே இல்லை. என் கோணல் மூன்றும் வெற்று இழையைவிட இரண்டு மடங்கு தந்தன.

"எங்க வச்சு செஞ்சீங்க சார்?" என்றார் மெஷினுக்குப் பொறுப்பான அதிகாரி.

"தம்பி வீட்டில்."

"தம்பி என்ன பண்றார்?"

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். தீப்பெட்டி மருந்தில் பாதிக்குமேல் பொட்டாசியம் குளோரேட். அந்தப் பொடி சட்டையிலிருந்து உதிர்ந்திருக்கிறது.

"மூணு இழைய வச்சு நான் எதையும் எழுத முடியாது. புது ரீனியம் நீங்களே வாங்கிட்டு வாங்க. இன்னொரு நாள் தர்றேன்."

அன்று மாலையே தம்பிக்குப் போன் செய்தேன்.

"சட்டையக் கழட்டுலேன்னு ஒரு வார்த்த சொன்னா என்னண்ணே? கைய மட்டும் மூணு தடவ கழுவச் சொன்னிய!"

"கிளம்பி வா."

"எதுக்கு? உங்க மெஷினையும் கெடுக்கவா?"

வந்தான். குளித்துவிட்டு, துண்டோடு உட்கார்ந்து, என் குடியிருப்பில் பதினேழு துளிகள் வைத்தான். பதினாறு நன்றாக வந்தன. ஒன்று சூடேற்றும்போது அறுந்தது. ஜூலையில் ஆய்வக முறை ஏட்டில் என் பெயரை எழுதினார்கள். இனிஷியல் தவறு, திருத்தச் சொன்னேன்.

இதற்கு ஆன செலவு: புது ரீனியம் 4,150. தம்பிக்கு ரயில், போக வர 304. ஐந்து நாள் வேலைக்குப் போகாமல் அவன் இழந்த கூலி 350. குடித்த பதினொரு காபியைச் சேர்க்கவில்லை. ஆகமொத்தம் 4,804 ரூபாய்.