ஸ்கீ ரிசார்ட்டில் நான் தூங்கிய தூக்கம்

சான் ரமோனிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, டாஹோ மலையில் பனிச்சறுக்கு விளையாடும் ஸ்கீ ரிசார்ட்டின் பார்க்கிங் லாட்டுக்கு வந்து சேர்ந்தபோதே எனக்கு உடம்பில் தெம்பில்லை. முந்தின நாள் முழுக்க ஆபீஸ், அதற்கப்புறம் பேக்கிங். வழியில் சின்னவள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பெரியவனுக்கு பூட்ஸ் மாட்டிவிட்டு நிமிர்ந்தவள், அப்படியே கார் சீட்டில் சாய்ந்துவிட்டேன்.

"என்னால முடியலங்க. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் கொஞ்சம் தூங்கணும்."

"இவ்ளோ தூரம் டிரைவ் பண்ணி வந்தது இதுக்குத்தானா?" என்றார் கணவர். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குழந்தைகளோடு நடந்தார். வீடு திரும்பும்வரை இதைச் சொல்லிக்காட்டுவார் என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடினேன்.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. காருக்குப் பக்கத்திலேயே மூவரும் பனிப்பொம்மை செய்துகொண்டிருந்தார்கள். பெரியவன் ஏதோ கத்த வாயெடுக்க, "ஷ்... அம்மா இஸ் ஸ்லீப்பிங்!" என்று அவன் வாயைப் பொத்தினாள் சின்னவள்.

கதவைத் திறந்தேன். "ஸ்கீ கிளாஸ் என்னாச்சு?"

"நீ இல்லாம போகமாட்டேன்னு பாப்பா ஒரே அழுகை. திரும்பி வந்துட்டோம்" என்றார் கணவர்.

"என்னை எழுப்பியிருக்கலாமே?"

"எழுப்பத்தான் வந்தேன். இவ பொறந்ததுலேர்ந்து நீ இப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்ல. மனசு வரல."

முடியவில்லை என்று நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல்முறை. சொன்னால் குடும்பமே நின்றுபோகும் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.