சுவருக்கு அந்தப் பக்கம் போன ஒயர்

மோடம் என்கிற அந்தச் சின்னப் பெட்டியில் வரிசையாக விளக்குகள் உண்டு. மூன்றாவது விளக்கு பச்சையாக நின்று எரிந்தால் என் மகளுக்கு வேலை நடக்கும். அது சிமிட்டினால் அவளோடு பேசிக்கொண்டிருக்கும் ஆள் பாதியில் போய்விடுவார். விளக்குக்குக் கீழே எழுதியிருப்பது இங்கிலீஷ். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனால் மூன்றாவது எது என்று எண்ண யாருடைய தயவும் வேண்டியதில்லை. மூன்று மாதமாக அடுப்பைப் பார்த்ததைவிட அதைத்தான் அதிகம் பார்த்தேன்.

மகளுக்குப் பெங்களூர் கம்பெனியில் வேலை. எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது வந்தவள், வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். கடத்தூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஊர் எங்களது. செல்போனுக்கு மாடியில் ஏறி நின்றால்தான் சிக்னல். புதிதாக வந்த ஃபைபர் என்கிற கண்ணாடி ஒயர் மெயின்ரோட்டோடு நின்றுவிட்டது. அதனால் பழைய டெலிபோன் லைனிலேயே நெட் வாங்கினோம். அது வந்த நாளிலிருந்தே மூச்சிரைத்துக்கொண்டுதான் இருந்தது.

மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் பெங்களூருக்கே வந்துவிட வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவள் அதைச் சோற்றைப் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னாள். "போனா போ. எனக்கென்ன, நடக்கத்தான் வருதே" என்றேன். சொல்லிவிட்டுத் தட்டோடு எழுந்துவிட்டேன். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

லைன்மேன் முதல் தடவை வந்து பெட்டியை மாற்றினார். அடுத்த தடவை சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் ஒயரை மாற்றினார். இரண்டு தடவையும் ஒரே கேள்வி கேட்டார், இந்த லைனிலிருந்து வேறு எங்காவது இன்னொரு போன் இழுத்திருக்கிறீர்களா என்று. இரண்டு தடவையும் இல்லை என்றேன். தெரிந்தேதான் சொன்னேன்.

இந்த வீடும் பக்கத்து வீடும் ஒரே வீடாக இருந்தவை. என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் பாகம் பிரித்தபோது கூடத்தின் நடுவில் சுவர் எழுப்பினார்கள். பித்தளை அண்டா, மாடு, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற முறை எல்லாவற்றையும் பிரித்தார்கள். போன் மூத்தவர் பாகத்துக்கு வந்தது. ஆனால் கம்பத்திலிருந்து வரும் ஒயர் தம்பி பக்கத்துப் பரணுக்குள் போய், அங்கிருந்து சுவரில் ஓட்டை போட்டு எங்கள் பக்கம் வந்தது. தம்பி வீட்டிலும் மணி அடிக்கட்டும் என்று என் வீட்டுக்காரரே பரணில் ஒரு கிளை பிரித்து அங்கேயும் ஒரு போனை வைத்துக் கொடுத்தார். பிறகு கிணற்று முறையில் சண்டை வந்தது. தம்பி அந்தப் போனைக் கொண்டுவந்து எங்கள் வாசப்படியில் வைத்துவிட்டுப் போனார். அண்ணன் தம்பி இருவருமே இப்போது இல்லை. தம்பி பெண்டாட்டியான என் ஓரகத்தியும் நானும் ஒருவர் வீட்டுச் சாவுக்கு ஒருவர் போய் நின்றதோடு சரி, பேச்சு கிடையாது.

மூன்றாம் தடவை லைன்மேன் ஏதோ மீட்டரை வைத்துப் பார்த்தார். அவர் முகம் கடுத்துவிட்டது. "லைன் எங்கியோ பிரியுதுங்கம்மா. அந்த எடம் தெரியாம நான் எத்தன பொட்டி மாத்தினாலும் இதேதாங்க" என்றார். வெளியே போய்க் கம்பத்தையும் ஒயரையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒயர் போகிற அந்த வீடு யாருடையது என்று கேட்டார்.

"அது வேற வூடு" என்றேன்.

மகள் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினாள். "சித்தி வூடுன்னு சொல்ல வாய் வரலயாம்மா ஒனக்கு? நான் போய்க் கேக்கறேன் வுடு."

அவளை விடவில்லை. பெண்ணை அனுப்பிக் காரியம் பார்த்துக்கொண்டாள் என்று ஒரு பேச்சு வரக்கூடாது. போவதென்றால் மூத்தவளாக நானே போவேன். பத்தடி தூரம். முழங்கால் அன்றைக்குப் பார்த்து வலித்தது.

ஓரகத்தி வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது. "வாங்கக்கா" என்றாள், நேற்றுத்தான் வந்துபோனவளைக் கூப்பிடுவது போல. லைன்மேன் ஒயரைப் பார்க்க வேண்டுமாம் என்றேன். பார்க்கட்டும் என்று முறத்தோடு நகர்ந்துகொண்டாள்.

பரணில் ஜாயிண்டு இருந்தது. மேலே சுற்றியிருந்த துணி பிளாஸ்திரி உளுத்து, கம்பி பச்சை பூத்துக் கிடந்தது. அங்கிருந்து பிரிந்த கிளை சமையல்கட்டைக் குறுக்காகத் தாண்டி, போன் இருந்த மூலை வரைக்கும் அப்படியே போனது. அந்த ஒயரில் வரிசையாகப் பூண்டுக் கொத்தும் மக்காச்சோளக் கதிரும் கட்டித் தொங்கின. லைன்மேன் தலையில் கை வைத்துக்கொண்டார். என் மகளின் வேலையில் பாதி அந்தப் பூண்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

"ஆகாத ஒயர இத்தன வருசம் எதுக்கு வெச்சிருந்த?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"உங்க ஒயருங்கக்கா. நான் அறுத்தா, மூத்தவரு இழுத்தத அறுத்துட்டான்னு நீங்களே சொல்லுவீங்க" என்றாள் ஓரகத்தி. "நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே அறுத்திருப்பேன்."

அவள் அறுத்திருந்தால் நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்பது எனக்கே தெரியும்.

லைன்மேன் கிளையை வெட்டி எடுத்துவிட்டு ஜாயிண்டைப் புதிதாகப் போட்டார். பூண்டெல்லாம் தரையில் குவிந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தேன், மூன்றாவது விளக்கு அசையாமல் எரிந்தது. ஒரு வார்த்தைக்காக மூன்று மாதம். அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

மாதக் கடைசி வந்தது. மகள் போகவில்லை. ஓரகத்தி பூண்டு கட்டுவதற்கு நைலான் கயிறு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. நேற்று தூறல் போட்டதும் மூன்றாவது விளக்கு இரண்டு தடவை சிமிட்டியது. கம்பத்து ஒயர் இன்றைக்கும் அந்தப் பரணுக்குள்தான் போகிறது.