பாரிவேட்டை நாயும் அண்ணியின் வாய்க்கூடையும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து சில நேரம் எனக்கே புரியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன ர, பெரிய ற இரண்டும் இன்றைக்கும் என்னை ஏமாற்றுகின்றன. அச்சுக்குக் கொடுக்கும் முன் கோயில் கமிட்டித் தம்பிகள் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்ப் பாரிவேட்டைக்கு இந்த வருஷம் விழா மலர் போடுவதாகவும், என் அண்ணியைப் பற்றி நான் நாலு பக்கம் எழுதித் தரவேண்டும் என்றும் கேட்டார்கள். தலையை ஆட்டிவிட்டேன். அன்றிலிருந்து என் பஞ்சர் கடையில் உட்கார முடியவில்லை. டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைத் தேடும்போதுகூட மனசு வேறெங்கோ போய்விடுகிறது.

பாரிவேட்டை என்றதும் மற்றவர்களுக்குக் குதிரை வாகனமும் தீவட்டியும் ஞாபகம் வரும். எனக்கு அண்ணியின் உள்ளங்கைதான் வரும். கயிற்றை அவர் ஒருநாளும் கையில் சுற்ற மாட்டார். மடித்து மடித்து உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிக்கொள்வார். சுற்றினால் நாய் பாயும்போது விரல் போய்விடும், மடித்தால் கை தப்பும், கயிறும் நிற்கும் என்பார். அவர் சீயமங்கலம் பக்கம் மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவர். கல்யாணமாகி வருவதற்கு முன்பே காளைகளைப் பிடித்துப் பழகிய கை அது.

வெளியூர்க்காரர்கள் படித்தால் புரியவேண்டுமே, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் செஞ்சியிலிருந்து தொண்டூர் போகிற பக்கம் இருக்கிறது. பொங்கல் கழிந்ததும் சாமி குதிரை வாகனத்தில் ஏறி, ஊர் எல்லையில் பாறைக்குன்றின் அடியில் இருக்கும் வெளிக்கு வேட்டைக்குப் போகும். அதுதான் பாரிவேட்டை. வேட்டைக்குப் போகிற சாமிக்கு முன்னால் ஒரு நாய் போகவேண்டும். நோஞ்சானாக இருக்கக்கூடாது, உயர்ந்த சாதி வேட்டைநாயாக, உடம்பில் குறையில்லாததாக இருக்கவேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு போகும் உரிமை எங்கள் வீட்டுக்கு. அப்பா, எங்கள் நைனா, பிடித்தார். அவருக்குப் பிறகு அண்ணன் பிடித்தார். அண்ணன் குவைத்துக்குப் போனதும், பையனை விழுப்புரத்தில் விடுதியில் சேர்த்தார்கள்; வீடும் நாயும் உரிமையும் அண்ணி கைக்கு வந்தன. ஒரு பொம்பளை பிடித்துப் போவதா என்று ஊரில் முணுமுணுத்தார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை.

நாயின் பெயர் வெள்ளையன். தெற்கே ராஜபாளையத்திலிருந்து அண்ணன் குட்டியாக வாங்கி வந்தது. ஒரு பொட்டுக் கறுப்பு கிடையாது. மூக்குகூட இளஞ்சிவப்பு. நின்றால் தலை என் இடுப்புக்கு மேலே வரும். அண்ணன் முதல் தடவை அதை ஊர்வலத்தில் பிடித்துப் போனபோது, பறை அடிக்கிறார்கள், பக்கத்திலேயே அதிர்வேட்டு வெடிக்கிறது, அது காதைக்கூட அசைக்கவில்லை. ஊரே வாயைப் பிளந்தது. "நாயா இது, சிங்கம்டா!" என்று கிழவர்கள் எல்லாம் கும்பிட்டார்கள். அண்ணன் குவைத்துக்குப் போன பிறகும் போனில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணன் குவைத்துக்குப் போன அந்த வருஷம் மார்கழியில் ஒரு காலை, அண்ணி கொல்லையில் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார். பித்தளை மூடி கைதவறிக் கல்லில் விழுந்தது. கோழிகள் பறந்தன. பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிட்டது. வெள்ளையன் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டே இருந்தது. அண்ணி மூடியை எடுத்து மறுபடி போட்டார். அதன் பின்னால் நின்று கையைத் தட்டினார். விசில் அடிக்கச் சொன்னார், நான் அடித்தேன். ஒன்றும் இல்லை. கடைசியில் காலால் தரையை ஓங்கி மிதித்தார். அது துள்ளி எழுந்து, யாரென்று பார்க்காமலே பல்லைக் காட்டித் திரும்பியது. அவரைக் கண்டதும் வாலை ஆட்டியது.

"தம்பி, இதுக்குக் காதே கேக்கல" என்றார் அண்ணி.

"இன்னா அண்ணி சொல்றீங்க? ஊரே சிங்கம்னு சொல்லுது."

"சிங்கமாம். வேட்டு வெடிச்சது தெரிஞ்சாதான பயப்படும்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கழுவின அண்டாவையே திரும்பவும் கழுவினார். அவர் கண்டுகொண்டது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. காது கேட்கிற நாய்க்குப் பின்னால் ஆள் வந்தால் அதற்குத் தெரியும். இதற்குத் தெரியாது. தொட்டால்தான் தெரியும். தொட்டவுடன் திரும்பும். பாரிவேட்டை அன்றைக்கு அந்தத் தெருவில் இடுப்பில் குழந்தையோடு பெண்கள் முண்டுவார்கள். சாமி நாய் என்று அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுவார்கள்.

"இந்த வருஷம் விட்டுடலாம் அண்ணி. உடம்பு சரியில்லன்னு சொல்லிடலாம்" என்றேன்.

"ஒரு வருஷம் விட்டா உரிமை போயிடும். உங்க அண்ணன் வந்து கேட்டா நான் இன்னா சொல்றது? காது கேக்கலன்னு வெளிய சொன்னா, குறையுள்ள நாய்னு ஒதுக்கிடுவாங்க. அப்பவும் உரிமை போச்சு." அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கூட்டிப் போறோம். ஆனா ஒருத்தர் மேலயும் பல்லு படாம கூட்டிப் போறோம்" என்றார்.

அதிலிருந்து பொங்கல் வரை எங்களுக்கு அதே வேலை. களத்தில் போரடிக்கும் மாட்டுக்குக் கதிரைத் தின்னாதபடி வாய்க்கூடை கட்டுவோம் அல்லவா, அதேபோல நாயின் மூஞ்சிக்கு ஏற்ற மாதிரி பருத்திக் கயிற்றில் ஒன்று பின்னினார். இறுக்கமாக இருக்கக்கூடாது. வாயைத் திறக்கவேண்டும், நாக்கை நீட்டி மூச்சு வாங்கவேண்டும், தண்ணீர் குடிக்கவேண்டும், கடிக்க மட்டும் முடியக்கூடாது. பலமுறை பின்னிப் பிரித்தார். முதல் நாள் சும்மா முகர விட்டார். அடுத்து அதற்குள் கருவாட்டுத் துண்டை வைத்து மூஞ்சியை நுழைக்கப் பழக்கினார். போகப்போக அது கூடையைக் கண்டாலே மூக்கை நீட்டியது. நான் கடையிலிருந்து பழைய டியூபை அறுத்து மார்பு வார் செய்து கொடுத்தேன். கழுத்துக்கு ஒரு கயிறு, மார்புக்கு ஒரு கயிறு. ஒன்று அறுந்தால் இன்னொன்று இருக்கும். இரண்டும் அண்ணி கையில்.

ஊர்வலம் போகிற வழியில் அண்ணி என்னோடு நடந்து பார்த்தார். எந்த இடத்தில் தெரு குறுகும், எந்தச் சந்தில் நாயை ஒதுக்கலாம், கூட்டம் நெருக்கினால் யார் வீட்டு வாசல் திறந்திருக்கும் என்று கேட்டு வைத்துக்கொண்டார். அதன் பிறகு என் வேலையைச் சொன்னார். நாய்க்குப் பின்னால் நான் நடக்கவேண்டும். முதுகு நாய்ப் பக்கம், முகம் கூட்டத்தின் பக்கம். யாரையும் கிட்டே விடக்கூடாது. வந்தால் கத்தவேண்டும்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று புரியும். ரேஷன் கடை வரிசையில் யாராவது முன்னால் நுழைந்தால் நான் பேசாமல் பின்னால் நகர்கிறவன். கடையில் காற்று அடித்துவிட்டுக் காசு தராமல் போகிறவனைக் கூப்பிடக்கூட எனக்கு வாய் வராது. அண்ணிக்கு அது தெரியும். ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய்க் கத்தச் சொன்னார்.

"யாரப் பாத்துக் கத்தறது அண்ணி?"

"அந்தப் பனைமரத்தப் பாத்துக் கத்து. பெரிய மனுஷன்னு நெனச்சிக்கினு மரியாதையாவே கத்து."

"தள்ளிப் போங்க" என்றேன். பக்கத்தில் மேய்ந்த ஆடுகூடத் திரும்பவில்லை.

அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நாய்க்குக் காது இல்ல, உனக்கு வாய் இல்ல. நடுவுல நான் ஒருத்தி!" என்று சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் பழையபடி கறுத்தது.

பாரிவேட்டை அன்று காலையில் வெள்ளையனை ஏரி சுற்றி நன்றாக நடக்கவிட்டோம். வயிறு முட்டத் தீனி போடவில்லை. மதியம் கழிந்து கோயில் வாசலுக்குப் போனோம். வாய்க்கூடையைப் பார்த்ததும் தர்மகர்த்தா இறங்கி வந்தார்.

"இன்னாமா இது? வேட்டைக்குப் போற சாமி முன்னால வாயைக் கட்டின நாயா? பாக்கறவன் சிரிக்கமாட்டான்?"

"சிரிச்சா ஒண்ணும் ஆவாது ஐயா. கடிச்சாதான் ஊசி போடணும்."

"உங்க மாமனார் இப்படியா புடிச்சாரு? அவுத்து வுடு மொதல்ல."

"அவர் காலத்துல இவ்ளோ ஜனமா இருந்துச்சு? கூடையோட வருது, இல்லன்னா வீட்டுக்குப் போவுது. நீங்களே சொல்லுங்க."

சுற்றி நின்றவர்கள் அண்ணியை ஒரு மாதிரி பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். நேரம் ஆகிறது என்று குருக்கள் குரல் கொடுத்தார். தர்மகர்த்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

ஊர்வலம் கிளம்பியது. பறைச் சத்தத்தில் என் நெஞ்சு அதிர்ந்தது. வெள்ளையன் அண்ணியின் காலை ஒட்டி, கோயில் குளத்தில் நடக்கிற கொக்கு மாதிரி நடந்தது. நான் பின்னோக்கி நடந்தேன். கத்தவில்லை. கையை விரித்துக்கொண்டு, கிட்டே வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துக் கெஞ்சினேன். பிள்ளைகளைக் கண்டால் உட்கார்ந்து மறித்தேன். "நாய் புடிக்கறவனா, கோழி வெரட்டறவனா நீ?" என்று ஒருவன் கேலி செய்தான். அதுவும் உதவியாகத்தான் இருந்தது, சிரித்துக்கொண்டே ஜனங்கள் ஒதுங்கினார்கள். பாதி வழி இப்படியே போய்விட்டது.

நடுத்தெருவில் கற்பூரம் காட்டக் குதிரை வாகனம் நின்றது. தர்மகர்த்தாவுக்கு அதற்குள் கோபம் தணிந்திருந்தது போல. நாய்க்கு மரியாதை செய்யலாம் என்று தட்டிலிருந்து ஒரு சாமந்தி மாலையை எடுத்துக்கொண்டு வந்தார். மற்றவர்களை மறித்த என் கை அவருக்கு முன்னால் தானாகக் கீழே இறங்கிவிட்டது. அவர் என்னைத் தாண்டினார். மாலையைப் போடக் குனிந்து, இடது கையை வெள்ளையனின் முதுகின் மேல் வைக்கப் போனார். அப்போதுதான் என் வாய் திறந்தது.

"ஐயா தொடாதீங்க! அதுக்குக் காது கேக்காது!"

அந்த நேரம் பார்த்துப் பறை நின்றுவிட்டது. என் குரல் தெருக்கோடி வரை போனது. அப்படி ஒரு குரல் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. ஆனால் அவர் கை ஏற்கெனவே பட்டுவிட்டது. வெள்ளையன் அப்படியே சுழன்று அவர் மேல் ஏறியது. கயிற்றுக் கூடை அவர் தாடையில் மோதியது. அவர் மாலையோடு தரையில் உட்கார்ந்தார். அண்ணி இரண்டு கயிற்றையும் உள்ளங்கையில் இறுக்கி முழங்கால் போட்டு மண்ணில் அமர்ந்தார். அவர் முழு பாரமும் கயிற்றில் இருந்தது. நாய் ஒரு அடிகூட முன்னால் போகமுடியவில்லை. ஒன்றன் பின் ஒன்றாக எல்லாரும் தர்மகர்த்தாவின் தாடையைப் பார்த்தார்கள். சிவந்திருந்தது. ரத்தம் இல்லை. கோயில் வாசலில் அவர் சொன்னபடி கூடையை அவிழ்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

அண்ணி வெள்ளையனை அங்கிருந்த சந்தில் ஒதுக்கி, தண்ணீர் காட்டி, மறுபடி முன்னால் கொண்டுவந்து வெளி வரைக்கும் கூட்டிப் போனார். அங்கே வேட்டைக்கு அடையாளமாக அம்பு விட்டு முடிந்து திரும்பும்போது தர்மகர்த்தா சொன்னார்: "அடுத்த வருஷம் காதுள்ள நாயா கொண்டா."

அண்ணி நிற்காமல் நடந்துகொண்டே, "நாய்க்குக் காது எதுக்கு ஐயா? சொன்னா கேக்கறதுக்கு மனுஷனுக்குத்தான் வேணும்" என்றார்.

அடுத்த வருஷம் எங்களைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்தும் இல்லை. வேறு யாரும் நாய் கொண்டுவரவும் துணியவில்லை. அண்ணன் போனில் கத்தினார். அண்ணி போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கத்தி முடித்ததும் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். ரகசியத்தைப் போட்டு உடைத்ததற்காக என்னைத் திட்டுவார் என்று பயந்திருந்தேன். "மொதல்லயே சொல்லியிருக்கணும்டா. மறைச்சதாலதான் அந்த மனுஷன் கையை வெச்சாரு" என்று மட்டும் ஒருநாள் சொன்னார். வெள்ளையன் கிழடாகிச் செத்தது. அதன் வாழ்நாளில் ஒருவரையும் கடிக்கவில்லை. அண்ணியும் போன வருஷம் போய்ச் சேர்ந்தார்.

இப்போது அண்ணன் மகன் பெரியவனாகி ஒரகடத்தில் கம்பெனியில் வேலை பார்க்கிறான். கோயில் கமிட்டியில் எல்லாம் அவன் வயசுப் பிள்ளைகள். அம்மா ஞாபகமாக உரிமையைத் திரும்ப எடுக்கிறேன் என்று கேட்டான், சரி என்றுவிட்டார்கள். போன வாரம் காரில், சாமி முன்னால் பிடிக்கப்போகிற நாயைக் கடைக்குக் கூட்டி வந்தான். தடித்த கழுத்து, கறுப்பு உடம்பு, ராட்வீலர் என்கிற சீமைச் சாதி என்றான். கழுத்தில் வெள்ளிநிறச் சங்கிலி. வாயில் ஒன்றும் இல்லை. செல்போனில் படமெடுக்கப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டார்கள்.

"குழந்த மாதிரி சித்தப்பா. ஒண்ணும் செய்யாது" என்றான்.

"அது செய்யாதுதான். அத செய்ய வைக்கிறவன் ஒருத்தன் பின்னாடி வருவான். அவன் யாருன்னு ஒனக்குத் தெரியுமா?" என்றேன். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சாமி போற வழியில பாட்டுப்பெட்டி, வெடி, ஆயிரம் செல்போனு. அதுக்கு வாய்க்கூடை பழக்கு. ரெண்டு கயிறு போடு. மொதல்ல அந்தத் தெருவுல ஆளில்லாதப்ப நடத்திப் பாரு."

"சித்தப்பா, நீங்க இவ்ளோ பேசுவீங்களா!" என்று சிரித்தான். "அம்மா மாதிரியே பேசறீங்க. பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்'தான் என்னை உட்கார விடமாட்டேன் என்கிறது. தினமும் போன் போடுகிறேன். ஒருநாள் எடுக்கிறான், ஒருநாள் எடுக்கமாட்டேன் என்கிறான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அம்மா மேல் இருக்கிற பாசத்தில்தான் செய்கிறான். அவன் அம்மா என்ன செய்தார் என்பது அவனுக்கு முழுசாகத் தெரியாது. அதற்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன்.

கமிட்டித் தம்பிகளும் இதைப் படிப்பீர்கள். உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். நாய் வாய்க்கூடையோடு வந்தால் அதன் பின்னால் நான் நடப்பேன். இல்லாமல் வந்தால் அதன் முன்னால் வழிமறித்து நிற்பேன்.

மார்கழி, மூன்றாவது வெள்ளிக்கிழமை.